எழுத்தில் முதல் வாய்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் இருபதுகளின் தொடக்கத்தில் ஒரு வார இதழில் தொடர்கதை எழுதும் வாய்ப்பு வந்தது. அதுவரை என் பெயரில் வெளியாகியிருந்தவை சில சிறுகதைகள் மட்டும். அந்தத் தொடருக்குப் பிறகுதான் எழுத்து எனக்குத் தொழிலானது. பட்டறைகளிலும் கூட்டங்களிலும் இளம் எழுத்தாளர்கள் அதைப் பற்றி என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயம் தாராளமாகக் கலந்திருக்கும்.

உங்களுக்கு அந்த முதல் சான்ஸ் எப்படிக் கிடைச்சது, மேடம்?

அந்த இதழில் வேறொருவர் எழுதிக்கொண்டிருந்த தொடர், அவர் உடல்நிலை காரணமாகப் பாதியில் நின்றுவிட்டது. வாராவாரம் நான்கு பக்கங்களை யாராவது நிரப்பியாக வேண்டும். என் சிறுகதைகளை முன்பே படித்துத் தேர்ந்தெடுத்திருந்த உதவி ஆசிரியர் என் பெயரைச் சொன்னார். அவர் சொன்ன காரணம் எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது: கேட்ட பக்க அளவுக்குள் முடிக்கிறாள், சொன்ன தேதிக்குக் கொடுக்கிறாள், திருத்தம் சொன்னால் முகம் சுளிப்பதில்லை. என் நடை, பாத்திரப் படைப்பு, பார்வை எதுவும் அந்தப் பரிந்துரையில் இல்லை. அப்போது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. இப்போது ஆசிரியர் குழுவின் பக்கமிருந்து பார்க்கும்போது, அவர் சொன்னதுதான் சரியான காரணம் என்று தோன்றுகிறது.

இதழ் கேட்டது துப்பறியும் தொடர். நான் எழுதிவந்ததோ வீட்டுக்குள் நடக்கும் கதைகள். ஒத்துக்கொண்டேன்.

அப்போ அது அதிர்ஷ்டம்தானே? திறமைன்னு சொல்ல முடியுமா?

இடம் காலியானது அதிர்ஷ்டம். அந்த நேரத்தில் ஒருவருக்கு என் பெயர் ஞாபகம் வந்தது அதிர்ஷ்டம் இல்லை. முன்பு செய்த சின்னச் சின்ன வேலைகளின் பலன். இந்த இரண்டையும் சேர்த்து ஒரே பெயர் வைப்பதால்தான் குழப்பமே வருகிறது.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1836-ல் ராபர்ட் சீமோர் என்ற ஓவியர் வேடிக்கைப் படங்களின் தொடர் ஒன்றைத் திட்டமிட்டிருந்தார். படங்களுக்குப் பொருத்தமாக எழுதிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. சாப்மன் அண்ட் ஹால் பதிப்பகம் 24 வயது டிக்கன்ஸிடம் வந்தது. அவர் ஏற்கெனவே பத்திரிகைகளில் சின்னச் சித்திரங்கள் எழுதிவந்தவர். வந்த வேலையின் மதிப்பு என்னவென்றால், படத்துக்கு வசனம் எழுதுவது மாதிரி! அதுதான் 'பிக்விக் பேப்பர்ஸ்' ஆனது. ஆரம்ப மாதங்களில் விற்பனை சில நூறு பிரதிகள்தான். சாம் வெல்லர் என்ற வேலைக்காரப் பாத்திரம் கதைக்குள் வந்த பிறகு நிலைமை மாறி, 1837-ல் தொடர் முடியும்போது மாதம் 40,000 பிரதிகள் போனது. அழைப்பு வந்தது தற்செயல். வெல்லரைத் தற்செயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

யாரையாவது தெரிஞ்சிருந்தாத்தான் வாய்ப்பு வருமா? எனக்கு யாரையும் தெரியாதே, அக்கா.

தெரிந்திருந்தால் சீக்கிரம் வரும். இதில் மழுப்ப ஒன்றும் இல்லை. ஆர்.கே. நாராயணின் முதல் நாவலைப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பர் ஒருவர் அந்தப் பிரதியை ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் காட்டினார். கிரீனுக்குப் பிடித்துப்போய் அவர் பரிந்துரைக்க, 1935-ல் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' வெளிவந்தது. இந்த அளவோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். புத்தகம் விற்கவில்லை. அடுத்த நாவல் 1937-ல் வேறு பதிப்பகத்தில், அதற்கடுத்தது 1938-ல் இன்னொரு பதிப்பகத்தில் என்று அவர் மாறிக்கொண்டே போக வேண்டியிருந்தது. பரிந்துரை அச்சு வரைக்கும் கொண்டுபோய்விட்டது. வாசகர் கைக்குக் கொண்டுபோகவில்லை.

யாரையும் தெரியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்தத் தொழிலில் அறிமுகம் பெரும்பாலும் சின்ன வேலைகளின் வழியாகத்தான் நடக்கிறது: ஒரு புத்தக மதிப்புரை, ஒரு மொழிபெயர்ப்பு, ஒரு நேர்காணலை எழுத்தில் இறக்கிக் கொடுப்பது. பிரபல எழுத்தாளரைத் தேடிப்போய் கையில் முழு நாவலைத் திணிப்பதைவிட, உங்கள் வயதில் உதவி ஆசிரியராக இருப்பவருக்கு ஒழுங்கான மதிப்புரை ஒன்று அனுப்புவது பலன் தரும். எனக்கு நடந்ததும் அதுதான். என்னைப் பரிந்துரைத்தவர் அந்த அலுவலகத்தில் கடைசி மேசைக்காரர்.

வாய்ப்பு வர்றதுக்கு முன்னாடி கையில என்ன இருக்கணும்?

முடித்த எழுத்து. பாதியில் நிற்கும் மூன்று நாவல்களைவிட முடித்துவைத்த ஒரு குறுநாவல் மேல். வாய்ப்பு வரும்போது "எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்பவரைவிட "இருக்கிறது, நாளை அனுப்புகிறேன்" என்பவருக்கே அது போகும்.

தொடர் எழுதச் சொன்னப்போ உங்களுக்கு அது எழுதத் தெரியுமா?

தெரியாது. கற்றுக்கொண்டது முழுக்க எழுதும்போதுதான், அதுவும் வாசகர்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே. சீக்கிரம் கிடைக்கும் வாய்ப்பின் விசித்திரம் இது. மற்றவர்கள் தனியறையில் பழகுவதை நாம் மேடையில் பழகுகிறோம்.

பழகியவற்றில் சிலதைச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குக் கிடைத்த உண்மையான லாபம் இதுதான். எப்போதும் இரண்டு அத்தியாயம் முன்னால் இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் இதழ் காத்திருக்காது. யாருக்கு என்ன வயது, யார் கண்ணாடி போட்டவர், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வாரத்தில் இடது கையில் இருந்த காயம் ஏழாம் வாரத்தில் வலது கைக்குப் போனால் கடிதம் வரும், நிச்சயமாக வரும். ஓவியருக்கு அத்தியாயம் முழுதாக முடியும் முன்பே காட்சி தேவைப்படும். அவர் என் இன்ஸ்பெக்டருக்கு மீசை வரைந்துவிட்டார் என்றால், அடுத்த வாரத்திலிருந்து என் இன்ஸ்பெக்டருக்கு மீசை உண்டு. அத்தியாயக் கடைசியில் கதவு தட்டப்படும் சத்தத்தோடு நிறுத்துவது முதல் மாதம் வேலை செய்யும், அப்புறம் வாசகருக்கு அலுத்துவிடும். வாசகர் முன்பே யூகித்த ஒன்றைச் சரி என்று காட்டிவிட்டு, அதிலிருந்து வேறொரு கேள்வியைக் கிளப்புவது நீடித்து நிற்கும்.

இவற்றில் எதையும் எந்தப் பட்டறையிலும் நான் கற்றிருக்க முடியாது. பெயரும் பணமும் ஏறி இறங்கின. இந்தப் பழக்கங்கள் தங்கிவிட்டன. வீட்டுக்குள் நடக்கும் கதைகளுக்கு நான் திரும்பியபோது அவையும்கூட இதனால் மேம்பட்டன.

நமக்குப் பிடிக்காத வகையில வாய்ப்பு வந்தா மறுத்துடலாமா?

பிடிக்காத வகையா, பழக்கமில்லாத வகையா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாதது என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கவே பிடிக்காத ஒன்றை எழுத ஒப்புக்கொண்டால், உங்கள் அலட்சியம் வாசகருக்கு இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஏற்பதும் மறுப்பதும் தவிர மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: நிபந்தனையை மாற்றிக் கேட்பது. மேலே சொன்ன டிக்கன்ஸிடம் வந்த யோசனை, வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போய்ச் சொதப்பும் ஒரு சங்கத்தைப் பற்றியது. தனக்கு அந்த உலகம் பழக்கமில்லை, இந்த யோசனையும் பழையது, படங்கள் எழுத்திலிருந்து பிறப்பதுதான் நல்லது என்று அவர் சொன்னார். அதாவது வசனம் எழுத வந்தவர் கதையைக் கையில் எடுத்துக்கொண்டார். பெயர் இல்லாத 24 வயதுக்காரர் கேட்டதற்கு ஒப்புக்கொண்டார்கள். கேட்பவர்கள் குறைவு, அவ்வளவுதான். நானும் கேட்டேன்: துப்பறிபவர் ஒரு குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும், குற்றமும் அங்கேயே நடக்கட்டும். "எப்படியோ கொலை இருந்தால் சரி" என்றார் ஆசிரியர்.

ஒரு வகையில பேர் வாங்கிட்டா அப்புறம் அதுலயே மாட்டிக்க மாட்டோமா?

மாட்டிக்கொள்வோம். என்னைப் பொறுத்தவரை உள்ளே போக ஆன காலத்தைவிட வெளியே வர ஆன காலம் அதிகம். தொடர் முடிந்து பல வருஷம் கழித்தும் "அடுத்த கொலை எப்போ?" என்றுதான் கேட்டார்கள். ஆர்தர் கோனன் டாயில் தன் மற்ற எழுத்துகளைத்தான் பெரிதாக நினைத்தார். ஷெர்லாக் ஹோம்ஸை 1893-ல் கொன்றும் பார்த்தார். ஆனாலும் 1901-ல் தொடங்கிய நாவலிலும், 1903-ல் உயிரோடு திரும்பிய கதையிலுமாக ஹோம்ஸ் மறுபடி வந்துவிட்டார். வாசகர் கொடுத்த முத்திரையைப் பாத்திரத்தைக் கொன்று அழிக்க முடியாது.

எனக்குப் பலன் தந்த வழி, ஒரே பெயரில் இரண்டையும் ஒரே காலத்தில் வெளியிடுவது. ஒரு தொடர் முடித்தால் ஒரு சிறுகதைத் தொகுப்பு. தொகுப்பு குறைவாகத்தான் விற்கும். பரவாயில்லை. அதைப் படித்த சிறு கூட்டம்தான் பிற்பாடு என் வேறு நாவல்களுக்கு முதல் வாசகர்கள் ஆனது. புனைபெயரில் தனியாக எழுதும் யோசனையைச் சிலர் சொன்னார்கள். அதில் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு எனக்குப் பொறுமை இல்லை.

முதல் ஒப்பந்தத்துல எதைப் பார்க்கணும்? கொடுக்கறதே பெரிசுன்னு கையெழுத்துப் போட்டுடலாமா?

போடாதீர்கள். இதே கோனன் டாயில் ஹோம்ஸ் வரும் முதல் நாவலைப் பல இடங்களில் மறுக்கப்பட்டு, கடைசியில் மொத்த உரிமைக்கும் 25 பவுண்டு என்று கொடுத்தார். ராயல்டி, அதாவது விற்பனையில் ஒரு பங்கு, கேட்டுப் பார்த்தார், மறுத்துவிட்டார்கள். 1887-ல் அது ஓர் ஆண்டு மலரில் வந்தது. உலகமே படித்த அந்தக் கதையிலிருந்து அவருக்கு வேறு காசு வரவில்லை.

பார்க்க வேண்டியவை இவை. கொடுப்பது முழு உரிமையா, குறிப்பிட்ட வடிவத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு வெளியிடும் அனுமதியா? தொடராக வெளியிட மட்டும் என்றால் நூல், ஒலிப்புத்தகம், மொழிபெயர்ப்பு, திரை உரிமைகள் உங்களிடமே இருப்பதாக எழுத்தில் இருக்க வேண்டும். புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை உங்களுக்குத் திரும்புமா? அடுத்த படைப்பையும் அவர்களிடமே முதலில் காட்ட வேண்டும் என்ற வரி இருக்கிறதா? இருந்தால் அவர்கள் எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும்? முன்பணம் கொடுத்தால் அது ராயல்டியில் கழிக்கப்படும். அந்தத் தொகையை விற்பனை ஈடுகட்டும் வரை அடுத்த காசோலை வராது. இது தெரியாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று குமுறுபவர்கள் உண்டு.

எழுதி முடித்த உடனே பதிப்புரிமை எழுதியவருக்குத்தான், தனியாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பது 1886-ல் தொடங்கிய பெர்ன் உடன்படிக்கையில் இணைந்த நாடுகளுக்குப் பொது. ஆகவே அந்த ஒப்பந்தத்தில் கொடுப்பவர் நீங்கள். வாங்குபவர் மாதிரி கூச்சப்பட வேண்டாம். சம்பளத்துக்கு இருந்து எழுதினால் கணக்கு வேறு. அந்த உரிமை பல நாடுகளில் வேலை கொடுத்தவருக்குப் போய்விடும்.

எடிட்டர் ரொம்ப வெட்டினா?

இடம் போதாமல் வெட்டினால் விட்டுவிடுங்கள். அர்த்தம் மாறினால் பேசுங்கள். சண்டை போடும் வரிகளை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டால், மற்றவற்றில் தாராளமாக இருக்கலாம். என் அனுபவத்தில் முக்கால்வாசி வெட்டுகள் நல்ல வெட்டுகள்.

வேலையை விட்டுட்டு முழுநேரமா எழுதலாமா?

ஒரு வாய்ப்பை நம்பி விடாதீர்கள். அதே அளவு வருமானம் இரண்டாவது முறையும், வேறோர் இடத்திலிருந்தும் வந்த பிறகு யோசிக்கலாம். நான் தொடர் எழுதியது முழுக்கக் காலையில், வேலைக்குப் போகும் முன்.

அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீக்கு 1956 கிறிஸ்துமஸில் நண்பர்கள் ஒரு வருஷச் சம்பளத்தைப் பரிசாகக் கொடுத்து வேலையை விடச் சொன்ன கதையை எல்லோரும் சொல்வார்கள். அழகான கதைதான். ஆனால் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' வெளிவந்தது 1960-ல். நடுவில் பதிப்பாசிரியரோடு உட்கார்ந்து திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. பரிசு ஒரு வருஷத்துக்கு, வேலை மூன்று வருஷத்துக்கும் மேல். உங்கள் சேமிப்பைக் கணக்குப் போடும்போது இந்த விகிதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் புத்தகம் நல்லாப் போச்சு. ரெண்டாவது எழுத உட்கார்ந்தா கை நடுங்குது. என்ன செய்யறது?

இந்தக் கேள்வி கேட்பவர்களிடம் நான் அவசரமாகப் பதில் சொல்வதில்லை, ஏனென்றால் இந்தப் பயம் பெரிய ஆட்களையும் நிறுத்தியிருக்கிறது. ரால்ஃப் எலிசன் 1952-ல் வெளியிட்ட முதல் நாவல் அடுத்த வருஷமே அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது வாங்கியது. இரண்டாவது நாவலை 1994-ல் இறக்கும் வரை எழுதினார். ஆயிரக்கணக்கான பக்கங்கள், முடிவில்லாமல். ஹார்ப்பர் லீயின் இரண்டாவது நூல் வந்தது 2015-ல். அதுவும் முதல் நாவலுக்கு முன்பே எழுதிவைத்த பிரதி.

அவர்கள் ஏன் நின்றார்கள் என்று வெளியிலிருந்து நான் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே நடைமுறை உபாயம், முதல் புத்தகம் கடைக்குப் போகும் முன்பே இரண்டாவதைத் தொடங்கிவிடுவது. மதிப்புரைகள் வரும் நேரத்தில் நாற்பது பக்கமாவது ஓடியிருந்தால், பாராட்டும் திட்டும் அந்தப் பக்கங்களுக்குள் அவ்வளவாக நுழையாது. அந்தக் கட்டம் தாண்டிவிட்டது என்றால் அளவைக் குறையுங்கள். அடுத்த நாவல் வேண்டாம், ஒரு சிறுகதை, யாரும் கேட்காத ஒன்று. தொடர் எழுதிய நாட்களில் எனக்குப் பயப்பட நேரமே கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான். ஆகவே தேதி குறித்து வாங்கும் ஆள் ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், நண்பராக இருந்தாலும் போதும்.

கூட எழுதினவங்க பேசறதை நிறுத்திட்டாங்க. இது எல்லாருக்கும் நடக்குமா?

சிலருக்கு நடக்கும். எனக்கும் ஓரிருவர் விலகினார்கள். விளக்கம் சொல்லப் போகாதீர்கள், ஆனால் அவர்கள் எழுத்தைப் படிப்பதை நிறுத்தாதீர்கள். படித்துவிட்டு ஒரு வரி எழுதிப் போட்டால் பாதிப் பேர் திரும்பி வந்துவிடுவார்கள்.

இப்போ அந்தப் பழைய தொடரைப் படிச்சா கூச்சமா இருக்குமா? திருத்தி மறுபதிப்பு போடுவீங்களா?

சில இடங்களில் சிரிப்பு வரும். அடைமொழி இல்லாமல் ஒரு பெயர்ச்சொல்லும் தனியாக நடமாடாது. மறுபதிப்பில் அச்சுப்பிழைகளையும் தேதிக் குழப்பங்களையும் மட்டும் சரிசெய்தேன். இப்போதைய கையால் முழுக்கத் திருத்தினால் அந்த வயதின் வேகம் போய்விடும், இப்போதைய நிதானமும் முழுசாக வராது. இரண்டும் கெட்டான்.

ஆன்லைன்ல நானே போட்டுக்கறேன். எனக்கு எதுக்கு யாரோ தர்ற வாய்ப்பு?

வெளியிடுவதற்குத் தேவையில்லை, உண்மை. மேலே தொடர் பற்றிச் சொன்ன கட்டாயங்கள் மட்டும் உங்களுக்குத் தானாகக் கிடைக்காது: தேதி, பக்க அளவு, "இது புரியவில்லை" என்று சொல்லும் ஆள். இந்த மூன்றையும் நீங்களே அமைத்துக்கொள்ள முடிந்தால் தாராளமாகச் செய்யுங்கள். முடிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கிழமை தவறாமல் போடுகிறார்கள்.

எனக்கு நாற்பத்தஞ்சு ஆச்சு. இனிமே வருமா?

ஆங்கில எழுத்தாளர் பெனலபி ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் புத்தகம் 1975-ல் வந்தபோது அவருக்கு வயது 58. முதல் நாவல் 1977-ல், புக்கர் பரிசு 1979-ல். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. விதிவிலக்குகளை வைத்து வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. ஆனால் தாமதமாக வருபவர்களுக்கு ஒரு வசதி இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மேடையில் பழகும் தொல்லை அவர்களுக்கு இல்லை. தனியறையில் பழகி முடித்திருப்பார்கள். என்ன எழுதப் பிடிக்கும் என்பதும் தெரிந்திருக்கும், அதனால் முத்திரை விஷயத்தில் என்னைப் போல வருஷங்களைச் செலவழிக்க வேண்டியிருக்காது.

நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம். எடுத்துக்கட்டுமா, அக்கா?

இது தொலைபேசியில் ராத்திரி நேரத்தில் வரும் கேள்வி. அந்த வகை எழுத்தைப் படிக்கப் பிடிக்குமா, சொன்ன தேதிக்கு முடியுமா, உரிமையில் எதைக் கொடுக்கிறீர்கள் என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டை உங்களைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம். மூன்றாவதற்கு ஒப்பந்த வரைவு கையில் வேண்டும். அதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி, படித்துவிட்டு இரண்டு நாளில் சொல்கிறேன் என்று கேளுங்கள். இப்படிக் கேட்டதற்காக வாய்ப்பைத் திரும்ப வாங்கிக்கொண்ட நல்ல ஆசிரியரை நான் பார்த்ததில்லை. வரைவே கிடையாது, வாய்வார்த்தை போதும் என்றால், பேசியதை நீங்களே ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்பி "இதுதானே?" என்று கேளுங்கள். "ஆமாம்" என்று பதில் வந்த பிறகு முதல் அத்தியாயத்தைத் தொடங்கலாம்.